தண்ணீர் லாரியைத் திருப்பிய நாள்

நம் வட்டாரச் சங்கத்துக்குத் தலைவர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். "நின்றுகொண்டிருந்தேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஒரு மருந்துக் கடை இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே நிற்க ஆரம்பித்து, இரண்டாவது பிள்ளை வயிற்றில் வரும்வரை நின்றேன். பார்மசிஸ்ட் என்பது சான்றிதழில் உள்ள பெயர். வேலை நிற்பதுதான்.

இப்போது நம் சங்கத்தின் மலிவு விலை மருந்துக் கவுண்டரில் நிற்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். மாத்திரைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நீங்கள் என்னைவிடப் புதிதாகப் படித்தவர்கள். அனுபவம் எழுதும் வயதும் எனக்கு வந்துவிடவில்லை. சின்னவனுக்கு இன்னும் நான்தான் ஷூ மாட்டிவிடுகிறேன். ஆனாலும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சிரைக்க வந்து நிற்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அப்படி நான் முடிவு செய்த ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதுகூடச் சரிதானா என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

கடை முதலாளி பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். வீட்டில் தமிழ், போனில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். மனசு குளிர்ந்திருந்தால் என்னை "மோளே" என்பார். எரிச்சலாக இருந்தால் "டாக்டரே" என்பார். பெரும்பாலும் நான் டாக்டராகத்தான் இருந்தேன். காரணம், எனக்கு எதையும் ஒரு தடவையில் செய்து முடிக்க வராது. சீட்டைப் படிப்பேன், மருந்தை எடுப்பேன், மறுபடி சீட்டைப் படிப்பேன், வந்தவரிடம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வேன், அவர் திரும்பிச் சொல்ல வேண்டும். அதற்குள் பின்னால் நிற்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். மலையாளத்தில் 'இன்னொரு தடவை' என்பதற்கு 'ஒன்னூடெ' என்பார்கள். எனக்கு அங்கே பெயரே 'ஒன்னூடெ சேச்சி' என்று ஆகிவிட்டது.

அந்தச் சந்தில் வரிசை வீடுகளில் குடியிருந்த சரசக்காதான் அந்தப் பெயரைப் பரப்பியது. அவருடைய புருஷன் மாநகராட்சியில் வேலை. அக்காவுக்கு வேலை எல்லோரையும் கிண்டல் செய்வது. "இவ கல்யாணத்துல தாலி கட்டினப்பவும் 'சரியா விழுந்துச்சா, ஒன்னூடெ கட்டுங்க'ன்னு சொல்லியிருப்பா" என்று ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார். ராவுத்தர் கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குப் போய் நான் அழுதேன். இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

அந்தக் கடையின் வாசனையை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிகளிலிருந்து சுக்கும் மிளகும் காற்றில் வரும். உள்ளே இருமல் மருந்தின் இனிப்பு வாசம். பதினொரு மணிக்குப் பால் இல்லாத கட்டன் சாயா. அக்கரையில் பிராட்வே மொத்தக் கடைகளில் சரக்கெடுத்துக்கொண்டு ராவுத்தர் படகில் திரும்பி வருவார். அட்டைப் பெட்டிகளைத் திறக்கும்போது எனக்குத் தீபாவளி மாதிரி இருக்கும்.

எங்கள் கடைக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. குழந்தைகளுக்கான சில மருந்துகள் பாட்டிலில் பொடியாக வரும்; கொதிக்க வைத்து ஆற்றிய நீரைக் கோடுவரை ஊற்றிக் கலக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் அப்போது குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. வந்தாலும் சில நாள் உப்புக் கரிக்கும். மற்ற நாட்களில் லாரித் தண்ணீர். அந்தத் தண்ணீரை மருந்தில் ஊற்றத் தாய்மார்களுக்கு மனசு வராது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மறுபடி கோடுவரை ஊற்றிக் கொடுப்பேன். அதனால் அந்த வட்டாரத்தில் எந்தக் குழந்தைக்கு என்ன மருந்து என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசை வீடுகளுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும், மீதி மருந்து அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். குழம்பு போவது போல, இஸ்திரிப் பெட்டி போவது போல. தன் பிள்ளையைக் குணமாக்கிய மருந்து அவர்களுக்குப் பரீட்சை பாஸான மருந்து. அதைக் கொடுப்பது பிரியம். நான் அதட்டிப் பார்த்தேன். அதட்டிய பிறகு அவர்கள் கொடுப்பதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு ஹர்த்தால். கேரளத்தில் வளர்ந்த உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, எல்லாக் கடையும் அடைப்பு. பால், மருந்து, தண்ணீர் லாரி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் லாரி வந்து சந்து முனையில் ஹாரன் அடித்தது. நாலைந்து நாளாகத் தண்ணீர் வராததால் பெண்கள் அதற்கு முன்பே குடங்களை வரிசை வைத்திருந்தார்கள். முதல் குடம் சரசக்காவுடையது.

அந்த நேரத்தில் செல்வி ஓடிவந்தாள். புருஷன் கிட்டங்கியில் சுமை தூக்குகிறவன். அவளும் வரிசை வீட்டுக்காரிதான், இருபது வயதுப் பெண். துண்டில் சுற்றிய குழந்தையைக் கவுண்டர் மேலேயே உட்கார வைத்தாள். மீனு. நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை.

"சேச்சி, பூச்சி ஏதோ கடிச்சிருக்கு. தடிச்சுத் தடிச்சு வருது. தடவுறதுக்கு ஏதாச்சும் குடுங்க."

வயிறெல்லாம் தடிப்பு. உதடு லேசாக வீங்கியிருந்தது. ராவுத்தர் எட்டிப் பார்த்தார்.

"அலர்ஜி. அந்த சிரப்பைக் குடு மோளே. அரை மணிக்கூறுல வடிஞ்சிரும்."

நானும் அதைத்தான் எடுத்தேன். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், வடிந்தும் இருக்கிறது. மூடியைத் திருகும்போது மீனு அழுதாள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெண்களாக இருப்பதால் உங்களிடம் எழுதுகிறேன். அப்போது என் மூத்தவனுக்கு ஒரு வயது ஆகவில்லை. மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். மருந்துக் கடையில் நாள் முழுக்க யாராவது ஒரு குழந்தை அழும். அழுத உடனே எனக்குச் சுரந்துவிடும். யார் பிள்ளை என்றெல்லாம் உடம்புக்குத் தெரியாது. ரவிக்கைக்குள் சின்னத் துண்டு ஒன்றை மடித்து வைத்துக்கொண்டுதான் நிற்பேன். அன்றைக்கு மீனு வாயை முழுக்கத் திறந்து, கண்ணீர் வழிய அழுதாள். எனக்குச் சுரக்கவே இல்லை. அப்புறம்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல மெலிந்து, கரகரவென்று இருந்தது, தொண்டைக்குள்ளும் வீக்கம் இறங்கியது போல.

இது ஆதாரம் இல்லை. எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள். அழுது அழுது தொண்டை கட்டியிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் கை பாட்டிலைத் திரும்ப மூடிவிட்டது. வீங்குகிற வாயில் எதையும் ஊற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

"என்ன மருந்து குடுத்தே?"

"ஒண்ணும் குடுக்கல சேச்சி. கஞ்சித்தண்ணிதான்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேள்வியை மாற்றினேன்.

"ரோஸ் கலரா, வெள்ளையா?"

கொஞ்சம் தயங்கி, "ரோஸ்" என்றாள்.

"எப்ப?"

"லாரி ஹாரன் அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ராத்திரி முழுக்கக் காய்ச்சல், சேச்சி. டாக்டர் வீடும் பூட்டியிருக்கு."

'கொடுத்தாயா' என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். 'எது' என்று கேளுங்கள். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் எழுதி வைத்துக்கொண்டாலும் போதும்.

துண்டின் மடிப்பிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். பார்த்ததும் தெரிந்தது. சரசக்காவின் கடைசிப் பையனுக்காகப் போன வாரம் நான் தண்ணீர் ஊற்றிக் கலந்த பாட்டில். கோடுகூட நான் பேனாவால் அழுத்திப் போட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வண்டி வைட்டிலா பக்கம் போயிருக்கிறது, வழியெல்லாம் அடைப்பு, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ராவுத்தரின் ஸ்கூட்டர் வீட்டில் இருந்தது; முந்தைய ஒரு ஹர்த்தாலில் கண்ணாடி உடைந்த பிறகு அதை அவர் வெளியே எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம்தான் என்று சொல்வார்கள். மூச்சுக்குத் திணறுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தேன். லாரி டிரைவர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் திறக்கவில்லை.

"சேட்டா, வண்டியை எடுக்கணும். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஞான் வெள்ளம் கொடுக்கான் வந்நதல்லே சேச்சீ?" என்றார் அவர், தண்ணீர் கொடுக்க வந்தவன் என்று குழாயைக் காட்டி.

வரிசையில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரே சத்தம். "தண்ணிய விட்டுட்டுப் போகட்டும்!" "நாலு நாளாச்சு!" கடைக்குள்ளிருந்து ராவுத்தரின் குரல்: "டாக்டரே! தடிப்புக்கெல்லாம் லாரியா?"

சரசக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சே நிமிஷம். குடத்தை நிரப்பிட்டுப் போகட்டும். பிள்ளை அழுதுகிட்டுதானே இருக்கு? அழற பிள்ளைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். இந்த வண்டி போச்சுன்னா இன்னிக்குத் திரும்பாது. என் வீட்ல வாய் நனைக்க ஒரு சொம்பு இல்ல, தெரியுமா உனக்கு?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் கையில் அவருடைய பாட்டில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, 'இது யாருடையது அக்கா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். சந்து முழுக்க வாய் மூடியிருக்கும். பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததா, பயத்தில் செய்ததா என்று இப்போதும் தெரியாது.

அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் என் தலைக்குள் ஓடியது இதுதான். வெறும் தடிப்பாக இருந்தால்? இத்தனை வீட்டுத் தண்ணீருக்கு யார் பதில் சொல்வது? வேலை போகும். வீட்டில் என்ன சொல்வது? சிரப்பைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் என்ன? அப்படிக் காத்திருந்து என்ன நடந்திருந்தாலும் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளி சொன்னார், நான் கொடுத்தேன், அவ்வளவுதான். அந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது. நம்மைக் காப்பாற்றுகிற வழியும் குழந்தையைக் காப்பாற்றுகிற வழியும் அன்றைக்கு எதிரெதிராக இருந்தன.

"அக்கா, நான் சொல்றது தப்பா இருக்கலாம். தப்பா இருந்தா நாளைக்கு வந்து என்னைத் திட்டுங்க. இப்ப வழி விடுங்க."

"நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே திட்டறேன்" என்றார் சரசக்கா. திட்டவும் செய்தார். என்னை, என்னைப் படிக்க வைத்தவர்களை, எனக்கு வேலை கொடுத்தவரை. திட்டிக்கொண்டே குனிந்து, லாரிச் சக்கரத்துக்கு முன்னால் இருந்த தன் குடங்களைக் காலால் ஒதுக்கினார். அவர் ஒதுக்கியதும் மற்றவர்களும் ஒதுக்கினார்கள்.

"கேறிக்கோ, வேகம்!" என்றார் டிரைவர். செல்வியை மேலே தள்ளிவிட்டு நானும் ஏறினேன். "அப்ப கடை?" என்று ராவுத்தர் கத்தினார். "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் எதையும் எடுத்துக் குடுக்காதீங்க" என்று திருப்பிக் கத்தினேன். அவருக்கு நான் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

ஜங்ஷனில் கொடியோடு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். சாலைக்குக் குறுக்கே பெஞ்சு. "வெள்ளமல்லே, எந்தினா இத்ர தெறுதி?" என்று ஒருவன் சிரித்தான், தண்ணீருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று. டிரைவர் தலையை வெளியே நீட்டி, விலகச் சொல்லி ஒரே வார்த்தை சொன்னார்: "மாறடா!" குழந்தையைப் பார்த்ததும் அவர்களே பெஞ்சைத் தூக்கினார்கள்.

குழாயைச் சரியாக மாட்டாமல் கிளம்பியிருந்தோம். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். காலியான சாலையில் லாரிக்குப் பின்னால் தண்ணீர் கோடாகச் சிந்திக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் அதிகமாகக் கொட்டியது. அது யார் வீட்டுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மீனு அழுவதையும் நிறுத்திவிட்டாள். "அழு மீனு, அழுடி" என்று செல்வி அவள் பாதத்தில் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். மருந்தின் பெயர், கொடுத்த நேரம், தடிப்பு, குரல் மாறியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அன்றைக்கு மட்டும் எதையும் இரண்டாவது தடவை சொல்லவில்லை. அவர் பாட்டிலைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், குழந்தையைத் திரைக்கு உள்ளே கொண்டுபோனார்.

வெளியே நிற்கும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, சரசக்கா பேரைச் சொல்லிராதீங்க. மீனுவுக்குக் காய்ச்சல்னு கேட்டதும் ஓடிவந்து ஆசையாக் குடுத்துச்சு." சொல்ல மாட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னால் மீனு அழுதாள். ஊசி குத்திய ஆத்திரத்தில் ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி அழுதாள். என் ரவிக்கை நனைந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். டாக்டர் வெளியே வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் அவரிடம் கேட்டேன். "கொண்டுவராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும், டாக்டர்?"

"சிலது தானா சரியாகும். சிலது ஆகாது. இது எதுன்னு எனக்கு அறியில்ல. ஊசி போட்ட பின்னே அதை எங்ஙனே பார்க்கிறது?"

இதை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. தவறு செய்தால் தெரிந்துவிடும். சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்கவில்லையே, பிறகு எதற்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பார்கள். எங்கள் சந்தில் அதைத்தான் கேட்டார்கள். லாரி அன்றைக்குத் திரும்பி வரவில்லை. மறுநாள் மீனு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். "இதுக்கா எங்க தண்ணியக் கொண்டுபோனே?" என்று ஒவ்வொருவரும் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ராவுத்தர் 'டாக்டரே' என்றுகூடக் கூப்பிடவில்லை.

சரசக்காவும் வந்தார். திட்டி முடிக்காத மிச்சத்தைத் திட்டினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்விக்குக் கொடுத்த வாக்கும் மனசில் இருந்தது. ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த பாட்டில் அடுத்த வீட்டுக்குப் போகும். கடையில் வேறு யாரும் இல்லாத சமயமாகப் பார்த்து மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, உங்க பையனோட ரோஸ் மருந்து பாதி இருந்துச்சே, அது எங்க?"

"அதுவா, அது..." என்றவர் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உங்க பிள்ளைக்கு ஒத்துக்கிச்சு. அவளுக்கு ஒத்துக்கல. அவ்வளவுதான் அக்கா."

பிறகு, "நேத்து லாரி முன்னாடியே தெரியுமா உனக்கு?" என்றார்.

"தெரியும்."

"அங்கேயே சொல்லியிருக்கலாம்ல? நான் வாயை மூடியிருப்பேனே."

"எல்லாரும் இருந்தாங்க அக்கா."

அவர் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் முதல் மீதி மருந்துகள் கவுண்டருக்கு வர ஆரம்பித்தன. சரசக்காவே வீடு வீடாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தார். "இதையெல்லாம் உன் கையால கொட்டு. நான் கொட்டினா மனசு கேக்காது" என்றார். சங்கத்தில் நாம் இன்று செய்யும் எல்லா வேலையும், மருந்துக் கவுண்டர் உட்பட, அந்தப் பெண்கள் அப்படி வந்து படியில் உட்கார்ந்து பேசியதிலிருந்து முளைத்ததுதான்.

சில வருடங்கள் கழித்துச் சங்கத்துக்குத் தலைவர் வைக்கக் கூட்டம் போட்டார்கள். நான் அப்போது வேலையை விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். படித்த ஆண்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பெயர்கள் வந்தன. சரசக்கா எழுந்து என் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அந்தப் பொண்ணா? அது ரொம்பப் பயந்த சுபாவம் ஆச்சே?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"பயந்தவதான். அதுக்குத்தான் சொல்றேன்" என்றார் சரசக்கா. "பயப்படாதவங்க நாங்க எல்லாரும் அன்னிக்குத் தண்ணிக்கு நின்னோம்."

பாதிப் பேருக்குப் புரியவில்லை, சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அவள்தான் முதலில் கை தூக்கினாள். அவள் பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றிருந்த மீனுவும், எதற்கென்று தெரியாமல், கையைத் தூக்கினாள். அவளுக்கு ஓட்டு இல்லை என்று யாரும் சொல்லவில்லை.